கோல்ட்பிளே வாசித்தால் குற்றமா? தெரிவுக் குழுவுக்கும் றொக் அண்ணாமாருக்கும் ஒரு திறந்த மடல்

திருமலையில் (திருகோணமலையில்) வருடக் கடைசி இசை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிற தெரிவுக் குழுவின் ஐயாமாருக்கும் ரீச்சர்மாருக்கும், அந்தக் குழுவைக் கண்ணிலும் காட்டக் கூடாத, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதோடு தோளுக்குத் தோள் நிற்கிற எங்கள் ஊர் றொக் அண்ணாமாருக்கும் வணக்கம்.

உங்கள் இரண்டு தரப்பும் ஒரே பக்கத்தில் நின்று நான் பார்த்ததேயில்லை. ஐயாமாருக்கு வயர் பூட்டி வாசிக்கிற எந்த வாத்தியமும் இளக்காரம், அண்ணாமாருக்கு டிஸ்ரோர்ஷன் (கிற்றார் சத்தத்தைக் கரகரக்க வைக்கிறது) போடாத எந்தப் பாட்டும் தாலாட்டு. அப்படியிருக்க, பள்ளிக்கூடம் முடித்த கையோடு பெடியள் நாலு பேர் சேர்ந்து கோல்ட்பிளே என்ற இங்கிலாந்து பாண்டின் பாட்டு இரண்டைப் பழகிக்கொண்டு தெரிவுக்கு வந்தபோது, ஐயாமார் பக்கத்திலிருந்து "இதெல்லாம் ரெலிபோன் விளம்பரத்துக்குப் போடுகிற மியூசிக், வேறு ஏதும் தெரியுமா" என்று கேள்வி வந்தது. அன்று பின்னேரமே டச்சு பே கடற்கரைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அண்ணாமார் பக்கத்திலிருந்து "கோல்ட்பிளேயா, அதுக்குச் சும்மா இருந்திருக்கலாமே" என்று சிரிப்பு வந்தது. இரண்டையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு பெடியள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் கீபோட் வாசிக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், ஆகவே எனக்குப் பக்கச்சார்பு இருக்கிறது, இருக்கட்டும். ஒரு கிற்றார் பாண்ட் எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரிப் பாடினால் மட்டும் ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்று உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

முதலில் ஒன்று, இந்த ஆத்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் நீங்கள் இல்லை. கோல்ட்பிளே 1990களின் பிற்பகுதியில் லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் படித்த நாலு பேர் சேர்ந்த பாண்ட். முதல் அல்பம் 2000 ஜூலையில் வந்தது. ஒயாசிஸ் பாண்டைத் தன் கம்பனிக்கு எடுத்த அலன் மக்கீ அந்த வருடமே இதைப் படுக்கையை நனைக்கிற ஆட்களுக்கான இசை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். 2005 ஜூனில் மூன்றாவது அல்பம் வந்த நேரம் நியூயோர்க் ரைம்ஸில் ஜோன் பரேலெஸ் என்ற விமர்சகர் ஒரு முழுக் கட்டுரை எழுதி, இந்தப் பத்தாண்டிலேயே சகிக்க முடியாத பாண்ட் இதுதான் என்று பட்டம் சூட்டினார். சரி, அதோடு முடிந்ததா? 2025 ஜனவரியில் அகமதாபாத் கிரிக்கெட் மைதானத்தில் ஒரே இரவில் ஒரு இலட்சத்துக்கு மேல் சனம் மணிக்கட்டில் மின்னுகிற பட்டியைக் கட்டிக்கொண்டு நின்றது. எங்கள் ஊரிலும் அந்த வீடியோ வராத போன் இல்லை, அதைப் பார்த்துத்தான் பெடியளுக்கே ஆசை வந்தது என்று நினைக்கிறேன். விமர்சகர் ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம் என்று இருபத்தைந்து வருடம் ஒரு பாண்ட் ஓடுகிறது என்றால், சனத்துக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். விமர்சகர்களுக்குப் பொறாமை என்று சொல்வதும் அதே சோம்பேறித்தனம்தான்.

அந்த 2000ஆம் ஆண்டைக் கொஞ்சம் பாருங்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு றேடியோஹெட் என்ற இன்னொரு இங்கிலாந்து பாண்ட் செய்த அல்பத்தை விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். உயரத்துக்கு எகிறுகிற ஆண் குரல், கண்ணாடி மாதிரிக் கிற்றார், மனது சரியில்லாத ஒரு ஆள் நடுராத்திரியில் பாடுகிற தொனி. எல்லோரும் அதே திசையில் இன்னும் ஒன்றை எதிர்பார்த்திருக்க, 2000 ஒக்டோபரில் றேடியோஹெட் கிற்றாரைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்டு எலெக்ட்ரோனிக் சத்தங்களுக்குள் போய்விட்டது. விட்டுப்போன அந்த இடத்தில் மூன்று மாதம் முன்பே ஒரு புதுப் பாண்ட் வந்து உட்கார்ந்திருந்தது, அதே உயரக் குரலோடு, ஆனால் பயத்தையும் விசரையும் எடுத்துவிட்டு ஆறுதலை வைத்துக்கொண்டு. விமர்சகருக்கு அது கள்ளத்தனமாகப் பட்டது, எங்கள் ஆளிடமிருந்து எடுத்துத் தண்ணீர் கலந்து விற்கிறான் என்று. கேட்கிற சனத்துக்கு றேடியோஹெட் யார் என்றே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் கிற்றாருக்குத்தான் பெரிய பங்கு இருக்கிறது. இதே மெட்டை, இதே வரிகளை ஒரு தனிப் பாடகி பின்னால் ஆடுகிற ஆட்களோடு வந்து பாடியிருந்தால் ஒருவரும் இவ்வளவு கொதித்திருக்க மாட்டார்கள், பொப் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு பேராக வந்தால் அதோடு ஒரு சத்தியமும் சேர்ந்து வருவதாக றொக் ஆட்கள் நம்புகிறார்கள்: நாங்கள் விற்பதற்காகப் பாடவில்லை, நாங்கள் கோபக்காரர், நாங்கள் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காதவர்கள். அந்தச் சத்தியத்தைக் கோல்ட்பிளே செய்து கொடுக்கவேயில்லை, ஆனாலும் அதை மீறினதாக அவர்கள் மேல்தான் வழக்கு. 2004 ஒக்டோபரில் கெலெஃபா சன்னே என்ற விமர்சகர் இந்த மனப்பான்மையைப் பிடித்து உலுக்கி ஒரு கட்டுரை எழுதினார், றொக்கின் அளவுகோலை எடுத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் அளக்கிறார்கள் என்று. பகிடி என்னவென்றால் அதுவும் நியூயோர்க் ரைம்ஸில்தான் வந்தது, பரேலெஸ் எழுதுவதற்கு ஏழு மாதம் முன்பு. ஒரே பத்திரிகையின் இரண்டு மேசைகளுக்கிடையில் நடந்த சண்டையைத்தான் நாங்கள் இன்றைக்கும் டச்சு பேயில் நடத்துகிறோம்.

மக்கீ சொன்ன வசையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள் அண்ணாமார். அதில் இசை பற்றி என்ன இருக்கிறது? சுருதியா, தாளமா? ஒன்றுமில்லை. ஆம்பிளை மாதிரிப் பாடவில்லை என்பது மட்டும்தான் இருக்கிறது. கள்ளக்குரலில் மேலே போகிறான், மன்னிப்புக் கேட்கிறான், உன்னைச் சரிப்படுத்துகிறேன் என்று ஆறுதல் சொல்கிறான், இதெல்லாம் மென்மை, மென்மை என்றால் தரக்குறைவு, அதைக் கேட்கிறவர்கள் பெண் பிள்ளைகளும் ஒஃபிஸ் போகிற ஆட்களும், ஆகவே அது இசையே இல்லை. 1964இல் பீற்றில்ஸைப் பார்த்துப் பெண் பிள்ளைகள் கத்தினபோதும் பெரியவர்கள் இதைத்தான் சொன்னார்கள். மேற்கில் அவர்களுக்கு அது பிரச்சினை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். எங்களுக்கு என்ன வந்தது? ஆம்பிளை அழுது பாடுவதைக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. கோணேசர் கோயிலில் ஓதுவார் குரல் தழுதழுத்தால் பக்கத்தில் நிற்கிறவரும் கண்ணைத் துடைப்பார், சினிமாப் பாட்டில் காதலி போய்விட்டாள் என்று நாலு நிமிடம் அழுதவனை நாங்கள் நாற்பது வருடம் தலையில் வைத்திருக்கிறோம். அங்கே அழலாம், இங்கிலீசில் அழக் கூடாது என்பது என்ன கணக்கு?

ஐயாமாரிடம் தனியாக ஒரு கதை. அன்றைக்குப் பெடியள் வாசித்த இரண்டில் ஒன்று 'குளொக்ஸ்'. 2002 அல்பத்தில் வந்தது, 2004இல் அந்த வருடத்தின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருது வாங்கினது. விருதை விடுங்கள். பியானோ என்ன செய்கிறது என்று கேட்டீர்களா, அல்லது முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டீர்களா? (நிறுத்திவிட்டீர்கள், கேட்டு வைத்திருக்கிறேன்.) மேலிருந்து கீழே இறங்குகிற மூன்று சுரம், திரும்ப அதே மூன்று, பிறகு இரண்டு. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. உங்கள் வாயாலேயே சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக. தவில்காரருக்கு அதைப் போய் விளங்கப்படுத்த வேண்டியதில்லை, தட்டிக் காட்டினால் சிரிப்பார். அந்தப் பியானோ ஓடுகிற இடத்தில் மூன்றே மூன்று கோர்ட், அதில் வருகிற சுரங்களை ஆதார சட்ஜத்திலிருந்து அடுக்கினால் ஹரிகாம்போஜி ராகத்தின் சுரவரிசை அப்படியே கிடைக்கும், மேஜர் ஸ்கேலில் ஏழாவது சுரமான நிஷாதத்தை மட்டும் இறக்கினது. அதற்காக இதை ராகம் என்று சொல்ல வரவில்லை, கமகம் இல்லை, பிடி இல்லை, சஞ்சாரம் இல்லை, சண்டைக்கு வராதீர்கள். பாட்டு ஏன் எங்கேயோ போய்க்கொண்டேயிருக்கிற மாதிரி இருக்கிறது, ஏன் வந்து உட்காரமாட்டேன் என்கிறது என்றால், அந்த இறங்கின நிஷாதமும் சமமாகப் பிரியாத எட்டும் சேர்ந்து செய்கிற வேலை அது. பதினேழு வயதில் இதைப் புத்தகத்தில் படிக்காமல் விரலால் கண்டுபிடித்தான் என் மாணவன். இடது கையை நிறுத்தி வலது கையால் மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, "சேர், இது எட்டுத்தானே, ஏன் எனக்கு எண்ண வரேல்லை" என்று கேட்டான். விளம்பர மியூசிக் வாசித்த பெடியன் கேட்ட கேள்வி இது.

அண்ணாமாருக்கு இன்னொன்று. பெடியள் வாசித்த மற்றப் பாட்டான 'யெல்லோ' ஒரு சின்னப் பிள்ளைப் பாட்டு, நாலு கோர்ட் தெரிந்தால் போதும் என்று கடையில் வைத்துச் சொன்னீர்களே, சரி, உங்கள் கிற்றாரை எடுத்து வழமையான சுருதியில் வைத்து அந்த முதல் பிடியை வாசித்துப் பாருங்கள், பதிவில் இருக்கிற சத்தம் வராது. டி தந்தியை பி வரைக்கும் தளர்த்தி, மெல்லிய ஈ தந்தியை அரைச் சுரம் இறக்கினால்தான் வரும். பாட்டின் ஆதாரம் பி, அந்த பி இரண்டு தந்திகளில், மேலும் கீழுமாக, பிடிக்காமலேயே முழங்கிக்கொண்டிருக்கும், நாங்கள் தம்புராவில் செய்கிற காரியம்தான் கிட்டத்தட்ட. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிற பாட்டைச் செய்வதும் சுலபம் என்று நீங்களாக முடிவு கட்டிக்கொள்கிறீர்கள். பெடியளின் கிற்றார்காரன் ஒரே கிற்றாரை வைத்துக்கொண்டு இரண்டு பாட்டுக்கு நடுவில் மேடையில் நின்று தந்தி முறுக்கினான், அந்த இடைவெளியைத்தான் குழுவில் ஒருவர் "ஆயத்தமில்லாமல் வந்திருக்கிறார்கள்" என்று எழுதினாராம்.

இனி மறுபக்கம். கோல்ட்பிளேயைக் குறை சொல்கிறவர்களிடம் சரக்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டு வரிகள் பல இடத்தில் வெறும் வெளிச்சம், நட்சத்திரம், வானம், இருதயம். யாருக்கு எது நடந்தது, எந்தத் தெருவில், எந்த வருடம் என்று ஒரு தடயமும் இராது. எவருக்கும் பொருந்துகிற மாதிரித் தைத்த சட்டை எவருக்கும் சரியாக இருப்பதில்லை என்று பரேலெஸ் மாதிரி ஆட்களுக்கு எரிச்சல் வந்தால் அது நியாயம். மெல்லத் தொடங்கி, நடுவில் டிரம்ஸ் விழுந்து, கடைசியில் எல்லோரும் கையைத் தூக்குகிற அந்த ஏற்பாடும் தேய்ந்துதான் போய்விட்டது. அப்புறம் காசு. 2005 தொடக்கத்தில் மூன்றாவது அல்பம் பிந்தப் போகிறது என்று தெரிந்ததும், அதுவும் ஒரு காரணமாகக் காட்டி அவர்களின் அல்பங்களை வெளியிட்ட ஈஎம்ஐ கம்பனி இலாபம் குறையும் என்று அறிவித்தது, பங்கு விலை விழுந்தது. ஒரு பாண்டின் பாட்டுப் பிந்தினால் பங்குச் சந்தை ஆடுகிறது என்றால், இவர்கள் மனதிலிருந்து பாடுகிறார்களா கணக்குப் புத்தகத்திலிருந்து பாடுகிறார்களா என்று விமர்சகர் சந்தேகப்படத்தான் செய்வார். 2017இல் செயின்ஸ்மோக்கர்ஸ் என்ற அமெரிக்க டிஜே இரட்டையரோடு ஒரு பாட்டு, 2021இல் கொரியாவின் பொப் குழு பிரிஎஸ்ஸோடு ஒரு பாட்டு, அதே வருடத்து அல்பத்துக்குப் பொப் உலகத்தின் பெரிய கை மக்ஸ் மார்ட்டின் தயாரிப்பாளர். கிற்றாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் 2008 வரைக்கும் வந்ததை ஆசையோடு கேட்பேன், பிறகு வந்ததில் முக்கால்வாசியைக் கல்யாண வீட்டில் வாசிக்கக் காசு தந்தால் வாசிப்பேன், வீட்டில் போடமாட்டேன். 2019இல் வந்ததை மட்டும் விலக்கி வைக்கிறேன், அதில் கொஞ்சம் துணிந்து செய்தார்கள், ஜோர்தானில் அம்மான் நகரத்துப் பழைய கோட்டை மேட்டில் விடியற்காலையும் பொழுதுபடும் நேரமும் வாசித்து ஒளிபரப்பினார்கள், சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் பயணம் செய்ய வழி தெரியும் வரைக்கும் சுற்றுப்பயணம் போகமாட்டோம் என்றும் சொன்னார்கள். அது அவர்களின் மற்ற அல்பங்கள் அளவுக்கு ஓடவில்லை. ஆபத்தே எடுக்காத பாண்ட் என்று ஏசினவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இந்த மாதிரிக் குறைகளைப் பாட்டை வைத்துச் சொன்னால் நானும் உங்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொல்வேன். நீங்கள் சொல்வது பாட்டைப் பற்றி இல்லையே, அதைக் கேட்கிற ஆட்களைப் பற்றித்தானே. சீசனில், மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும், உப்புவெளி ஹோட்டல்களில் நானும் வாசிக்கப் போகிறவன். அங்கே வருகிற வெள்ளைக்காரருக்காகத்தான் முதலாளிமார் இந்தப் பாட்டுகளைக் கேட்பார்கள். ஆனால் சொற்கள் இல்லாத அந்த "ஓ ஓ" இடம் வரும்போது பாருங்கள், சமையலறையிலிருந்து கிண்ணியாக்காரத் தம்பி ஒருவர் வாசலில் வந்து நின்று பாடுவார், பாரில் நிற்கிற சிங்களப் பெடியன் பாடுவான், இரண்டு பேருக்கும் மிச்ச வரிகள் ஒன்றும் தெரியாது. விமர்சகருக்கு எரிச்சல் ஊட்டுகிற அதே வெறுமைதான், யாருடைய கதையும் இல்லாத அதே இடம்தான், வேறு பாஷைக்காரனை உள்ளே விடுகிற கதவும். ஒரு விஷயமே குறையாகவும் இருக்கும், காரணமாகவும் இருக்கும். இதற்கு ஏன் ஒரு பக்கம் தீர்ப்பு எழுத வேண்டும்?

எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்ரோன்ஸ் குழுவோடு சிங்களப் பாட்டுக்குள் எலெக்ட்ரிக் கிற்றாரைக் கொண்டுவந்தபோது அது பாட்டே இல்லை என்றார்கள். அந்தப் பாட்டுகளைத்தான் இன்றைக்கு எல்லோரும் பொற்காலம் என்கிறார்கள். தமிழில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பகிடிப் பாட்டுப் பாடினார், ஏ.ஈ.மனோகரன் பொப் இசைச் சக்கரவர்த்தி ஆனார், எங்கள் திருமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் மெல்லிசை வானொலியில் போனது. அப்போதும் வீட்டில் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அந்தப் பெரியவர்களின் பிள்ளைகள் நீங்கள்தான். கூத்தாட்டம், பைலா, படிக்கிற பிள்ளைக்கு ஆகாது. போன வருட நிகழ்ச்சியில் "அந்தக்கால நினைவுகள்" என்று அரை மணித்தியாலம் ஒதுக்கி அதே பாட்டுகளைப் பாட வைத்து, முன் வரிசையில் இருந்து கை தட்டினவர்கள் யார்? கீபோட்டில் இருந்த எனக்கு முகங்கள் நன்றாகத் தெரிந்தது. கிற்றாரில் பொப் வாசிப்பது ஐம்பது வருடம் ஆறின பிறகுதான் பாரம்பரியம் ஆகும் என்றால், பெடியள் அதுவரைக்கும் எங்கே போய் நிற்பது?

அதனால் கேட்பது இதுதான். குழு இன்னொரு நாள் வைத்து அவர்களைக் கூப்பிட வேண்டும், இரண்டு பாட்டையும் கடைசி வரைக்கும் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் காரணத்தை இசையில் சொல்ல வேண்டும், சுருதி விலகினது, தாளம் ஓடினது, பாடுகிறவனுக்கு மூச்சுப் போதவில்லை (உண்மையிலேயே போதவில்லை, இரண்டாவது பாட்டில் மேலே போகிற இடத்தில் அவன் திணறுகிறான், அதை எழுதுங்கள், திருத்துவான்). விளம்பரம், விசர்ப் பாட்டு என்ற சொற்கள் அந்தத் தாளில் வரக் கூடாது. இரண்டாவது கிற்றார் ஒன்றை ஒருவரும் இரவல் கொடுக்காத ஊரில் தந்தி முறுக்கின நேரத்துக்குப் புள்ளி குறைக்கவும் கூடாது.

அண்ணாமார், உங்களிடம் கிற்றார் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது, நல்ல அம்ப்ளிஃபயரும் இருக்கிறது, பெடியளிடம் இருப்பது வோல்யூம் கூட்டினால் கரகரக்கிறது. அதை ஒரு கிழமைக்குத் தாருங்கள். வேண்டுமானால் ஒத்திகைக்கு வந்து உங்கள் பாட்டு ஒன்றையும் சொல்லிக்கொடுங்கள், பழகுவார்கள், பாட்டில் அவர்களுக்கு உங்களைப் போலச் சாதி பார்க்கத் தெரியாது. ஞாயிறு பின்னேரம் என் வீட்டு மண்டபத்தில்தான் ஒத்திகை. நாலு மணிக்கு முன்னே வாருங்கள், அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரியூசன், சத்தம் போட விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
கல்யாண வீட்டில் கீபோட் வாசிக்கிறவன்